பௌர்ணமியன்று கடைசி பேட்ச்

பதினோராம் நம்பர் மேஜை காலியாக இருந்தது.

பியூரெட்டைக் கழுவித் தாங்கியில் மாட்டி வைத்திருந்தார்கள். பிப்பெட், கூம்புக் குடுவை, வெள்ளைப் பீங்கான் ஓடு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வந்து நிற்க வேண்டியவள் மட்டும் வரவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது பத்து. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி செய்முறைத் தேர்வின் கடைசி பேட்ச் அது. மற்ற பத்தொன்பது பெண்களும் தலையைக் குனிந்து வேலையை ஆரம்பித்திருந்தார்கள். லேபில் ஸ்பிரிட் விளக்கு வாசனை. மேலே ஓடும் பழைய மின்விசிறியின் கடகட சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

"யாரு மேடம் அந்தப் பதினொன்னு?" என்று கேட்டார் எக்ஸ்டர்னல் சார். செங்கம் பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து தேர்வு நடத்த வந்தவர். நான் பள்ளியின் சார்பில் உள் தேர்வாளர்.

"மோனிஷா சார். கீழ்பென்னாத்தூர் பக்கத்துல கிராமம். வந்துடுவா."

"ஒன்பதரை வரைக்கும்தான் பார்ப்பேன். அதுக்கு மேல வந்தா ஆப்சென்ட்டுதான். மத்தியானம் எனக்கு வேற ஸ்கூல்ல டியூட்டி இருக்கு."

அவர் கறாராகச் சொன்னாலும் கெட்டவர் இல்லை. விதி அதுதான். செய்முறைத் தேர்வுக்கு வராதவள் எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் பாஸ் கிடையாது. கடைசி பேட்ச் என்பதால், 'அடுத்த பேட்ச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கெஞ்சவும் வழியில்லை. மார்க் பட்டியலை அன்றே உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். மோனிஷாவுக்கு ஒரு வருடம் போய்விடும்.

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் லேபுக்குள் பாம்பு வந்த கதையைப் படித்துச் சிரித்தவர்கள் இந்த வாரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. பாம்பும் இந்தத் தடவை நான்தான்.

ஆசிட் மிஸ்

கொரோனா முடிந்து பள்ளிகள் திறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். நான் படித்த அதே கான்வென்ட்டில் நான் கெமிஸ்ட்ரி டீச்சர். சிஸ்டர்கள் நடத்தும் பெண்கள் பள்ளி. திருவண்ணாமலைக்காரர்களுக்கு எது என்று தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் 'ஆசிட் மிஸ்'. நான் எடுக்கும் பாடத்தை வைத்துத்தான் அந்தப் பெயர் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா வெகுளியாக, "நீங்கதான் அந்த ஆசிட் மிஸ்ஸா? பார்த்தா அப்படித் தெரியலியே!" என்றபோதுதான் உறைத்தது.

என் கோபம் எங்கள் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் தாலுகா ஆபீசில் கிளார்க். ஆபீசில் ஒரு வார்த்தை பேச மாட்டார். வீட்டில் குழம்பில் உப்பு கம்மியானால் தட்டு பறக்கும். அப்படி இருக்கக் கூடாது என்று நினைத்துத்தான் வளர்ந்தேன். வீட்டில் நான் தட்டு வீசியதில்லை. பள்ளிக்கூடத்தில் வாயை வீசினேன்.

ஆனாலும் எனக்குள் ஒரு பெருமை இருந்தது. 'திட்டினாலும் பிள்ளைகளுக்கு என் மேல் உயிர்' என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொள்வேன். என் பாடத்தில் யாரும் பெயில் ஆனதில்லை. அது போதும் என்றிருந்தேன்.

வெளியே போக என்னென்ன வேண்டும்

எங்கள் பள்ளியில் ஒரு பெண் பிளஸ் டூ முடித்து வெளியே போக வேண்டுமானால் அரசாங்கம் கேட்பது ஒரு பங்கு, சிஸ்டர்கள் கேட்பது இன்னொரு பங்கு.

அரசாங்கம் கேட்பது வருகைப் பதிவு, செய்முறை, எழுத்துத் தேர்வு. சிஸ்டர்கள் அதற்கு மேல் ஒரு பேப்பர் வைத்திருந்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்ற எல்லாருக்கும் நன்னெறி. வாரம் இரண்டு வகுப்பு. அதில் தேறாதவளின் ஹால் டிக்கெட் ஹெட் சிஸ்டரின் மேஜை டிராயரில் தூங்கும். அவள் மறுபடி எழுதித் தேறிய பிறகுதான் அது கைக்கு வரும்.

நன்னெறியில் எப்போதும் முதல் மார்க் வாங்குவது கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். கதை சொல்லி விளக்கு என்றால் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஒரு வருடம் 'உண்மை பேசுவதால் வரும் நன்மைகள் ஐந்தினை எழுதுக' என்று கேள்வி. ஒரு பெண் நான்கை எழுதிவிட்டு, 'ஐந்தாவது எனக்குத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள். திருத்திய சிஸ்டர் முழு மார்க் போட்டார். ஐந்தாவது அதுதான் என்றார்.

இவை போக, பள்ளியில் எங்கும் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அது என் சட்டம். கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டில் ஒரு சோதனை பாக்கி இருந்தாலும் முதல் பக்கத்தில் என் கையெழுத்து விழாது. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது.

மோனிஷா எனக்குப் பிடித்த பெண் இல்லை. மறைப்பானேன்? பிளஸ் ஒன் அட்மிஷன் அன்று, "நர்ஸ் ஆகணும்னா தொழிற்கல்வியில நர்சிங் குரூப் இருக்கே, அதை எடும்மா. ஃபர்ஸ்ட் குரூப்ல கெமிஸ்ட்ரி உனக்குக் கஷ்டம்" என்று நான்தான் சொன்னேன். பத்தாம் வகுப்பில் அவளுடைய அறிவியல் மார்க்கைப் பார்த்துச் சொன்னது.

"பி.எஸ்சி. நர்சிங் படிக்கணும் மிஸ். ஃபர்ஸ்ட் குரூப்தான் வேணும்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே. ஹெட் சிஸ்டர் பிலோமினா சிரித்துக்கொண்டு எழுதிக்கொடுத்துவிட்டார். என் பேச்சைக் கேட்காமல் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தவள் என்று எனக்கு அவள் மேல் ஓர் உறுத்தல் இருந்தது. ஒரு பதினாறு வயசுப் பெண்ணிடம் எனக்கு என்ன ரோஷமோ.

அம்மா சொன்ன பதில்

மணி ஒன்பது இருபது. நான் வராண்டாவுக்கு வந்து அவள் வீட்டுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எனக்குக் கோபம்தான் வந்துகொண்டிருந்தது. தேர்வன்றுகூட நேரத்துக்கு வரத் தெரியாதா, இவளுக்கெல்லாம் எதற்கு நர்சிங் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே நின்றேன்.

மூன்றாவது தடவை அவள் அம்மா எடுத்தார்.

"மோனிஷா எங்கம்மா? இன்னும் வரலியே!"

"அப்பவே பஸ் ஏறிட்டாளே டீச்சர்."

"அப்பவேன்னா எப்போ?"

"எட்டரைக்கு மேல இருக்கும். இன்னிக்கி பௌர்ணமி ஆச்சே, பத்து மணிக்குத்தான ஸ்கூலு?"

வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

பௌர்ணமி டைம்

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். பௌர்ணமியன்று எங்கள் ஊர் எங்களுடையது இல்லை. கிரிவலம் வருகிற ஜனம் முதல் நாளிலிருந்தே இறங்க ஆரம்பித்துவிடும். வெளியூர் பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே தற்காலிக நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். கிராமத்துப் பிள்ளைகள் அங்கே இறங்கி, ஆட்டோ கிடைத்தால் ஆட்டோ, இல்லாவிட்டால் நடை.

நான் மாணவியாக இருந்த காலத்துக்கு முன்பே இங்கே ஒரு மதர் இருந்தாராம். கேரளத்திலிருந்து புதிதாக வந்தவர், கண்டிப்புக்குப் பேர்போனவர். வந்த புதிதில் ஒரு பௌர்ணமியன்று தாமதமாக வருகிறவர்களைப் பிடிக்கப் பிரம்போடு கேட்டில் நின்றார். பாதிப் பள்ளிக்கூடம் தாமதமாக வந்தது. அத்தனை பேரையும் வெயிலில் நிறுத்திவிட்டு, காரணம் என்னவென்று பார்க்கத் தானே நடந்து போனார். போனவர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு மத்தியானம்தான் திரும்பினார். செருப்பில் ஒன்று இல்லை. அன்றைக்கே உத்தரவு போட்டார்: பௌர்ணமியன்று பள்ளி ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கும்.

அதற்குப் பெயர் பௌர்ணமி டைம். யாரும் அறிவிக்க மாட்டார்கள், போர்டில் எழுத மாட்டார்கள். ஒன்பது என்றால் பௌர்ணமியன்று பத்து. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். காலண்டரைப் பார்த்துத் தானாகவே ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்வார்கள்.

அரசுத் தேர்வுக்கு இதெல்லாம் கிடையாது. எனக்கு அது ஞாபகம் இருந்தது. முந்தின நாள் மத்தியானம் வகுப்பில், "நாளைக்கு பௌர்ணமி டைம் இல்ல. ஒன்பதுன்னா ஒன்பது. ஒரு பஸ் முன்னாடி ஏறுங்க" என்று மூன்று தடவை சொன்னேன். எல்லாரையும் ஒரே குரலில் திருப்பிச் சொல்லவும் வைத்தேன்.

மோனிஷா அப்போது வகுப்பில் இல்லை. நான்தான் அவளை வெளியே துரத்தியிருந்தேன்.

முந்தின நாள்

அவளுடைய ரெக்கார்டில் இரண்டு சோதனைகள் எழுதாமல் இருந்தன. ஐப்பசியில் ஒரு வாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை, அந்த வாரத்துச் சோதனைகள். அதற்குப் பிறகு மாசக்கணக்கில் நேரம் இருந்தும் எழுதவில்லை.

"ஏன் எழுதல?"

"மல்லாட்டை புடுங்க ஆள் கெடைக்கல மிஸ். மழை வந்துடும்னு அப்பா என்னியும் கூப்டாங்க. அப்புறம் நோட்டு வாங்கி எழுதலாம்னு..."

மல்லாட்டை என்பது எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்குப் பெயர். நானும் கீழ்பென்னாத்தூர் மண்ணில் பிறந்தவள்தான். மழைக்கு முன்னால் பிடுங்காவிட்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் முப்பத்தெட்டுப் பெண்கள் பார்க்கக் கத்தினேன்.

"மல்லாட்டை புடுங்கறவளுக்கு எதுக்குடி ஃபர்ஸ்ட் குரூப்பு? போய் அதையே புடுங்கு. ரெக்கார்டை முடிக்காம என் மூஞ்சியில முழிக்காத. போ வெளிய!"

சில பெண்கள் சிரித்தார்கள். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். சேப்பல் வராண்டாவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

பள்ளி விடுகிற நேரத்தில் இரண்டு சோதனைகளையும் முடித்துக்கொண்டு வந்து நின்றாள். கோடு போட்ட படங்கள் சுத்தமாக இருந்தன. அப்போதாவது நாளைக்கு ஒன்பது மணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் தணியவில்லை. முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு நோட்டை நீட்டினேன்.

வகுப்பு வாட்ஸ்அப்பில் தேர்வு நேரம் ஒன்பது என்று போட்டிருந்தேன். அவள் அதைப் பார்த்திருப்பாள், பார்த்துவிட்டு எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு மணி நேரம் கூட்டியிருப்பாள். அவளோடு பஸ்ஸில் வருகிற பெண்கள் எல்லாம் காமர்ஸ் குரூப். அவர்களுக்கு அன்று பத்து மணிதான். அதனால் பஸ்ஸிலும் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்காது.

முப்பது நிமிடம்

லேபுக்குத் திரும்பினேன். மணி ஒன்பது இருபத்தைந்து.

அப்போதே எக்ஸ்டர்னல் சாரிடம் போய், "சார், தப்பு என்னுது" என்று சொல்லியிருக்கலாம். ஒன்பதரைக்கு முன்னால் சொன்னால் அவர் குறித்துவைத்துக்கொண்டிருப்பார். நான் சொல்லவில்லை. ஏன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஜூனில் உதவித் தலைமையாசிரியை ஓய்வு பெறுகிறார், அடுத்தது நான் என்று பேச்சு இருந்தது. ஸ்டாஃப் ரூமில் சிலர் கிண்டலாக என்னை 'ஏ.எச்.எம். மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் கிண்டல் எனக்குப் பிடித்திருந்தது.

ஒன்பதரைக்கு அவர் பேனாவை எடுத்துப் பதினோராம் எண்ணுக்கு நேரே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் ஏதோ ஒரு மேஜையில் பியூரெட் அளவைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டேன். அவர் எழுதவில்லை, பேனாவை மூடி வைத்தார். "சரி, கடைசியில எழுதிக்கலாம்" என்று அவருக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

ஒன்பது ஐம்பதுக்கு வாசலில் நிழல் தட்டியது. மோனிஷா. தலையில் கனகாம்பரம், நெற்றியில் விபூதி, கையில் பிளாஸ்டிக் கவர் போட்டுச் சுற்றிய ரெக்கார்டு. பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்ட சந்தோஷம் முகத்தில் இருந்தது. உள்ளே பெண்கள் டைட்ரேஷன் செய்துகொண்டிருப்பதைப் பார்த்ததும் அந்த முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை.

"மிஸ்... பௌர்ணமி டைம் இல்லியா மிஸ்?"

ஒரு பெண்ணின் கையிலிருந்த குடுவை ஓட்டில் இடித்துக் கிணுங்கென்றது.

யார் தப்பு?

விஷயம் தெரிந்து சிஸ்டர் பிலோமினா வந்தார். அவர் வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. அன்று அங்கியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே தேர்வு நடப்பதால் எக்ஸ்டர்னல் சார் கதவருகில் நின்று ஒரு கண்ணை லேபில் வைத்தபடியே பேசினார்.

"சிஸ்டர், நான் சுத்தி வளைக்காம சொல்லிடறேன். ஸ்கூல் தப்புன்னா எழுத்துல குடுங்க. மேல போன் பண்ணி பர்மிஷன் கேக்கறேன், குடுப்பாங்கன்னுதான் நெனைக்கிறேன். பொண்ணு தப்புன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆப்சென்ட்தான்."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "பௌர்ணமி டைம் கிடையாதுன்னு சொன்னீங்களா டீச்சர்?"

"நேத்தே எல்லாருக்கும் சொல்லிட்டேன் சிஸ்டர். மூணு தடவை சொன்னேன்."

வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன், யோசிக்காமல் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது.

சிஸ்டர் மோனிஷாவிடம் கேட்டார். "மிஸ் சொன்னாங்களாம்மா உனக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். ரெக்கார்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். எக்ஸ்டர்னல் சார் சொன்னதைப் பக்கத்தில் நின்று முழுக்கக் கேட்டவள் அவள். எந்தப் பதில் தன்னைக் காப்பாற்றும் என்று அவளுக்குத் தெரியும்.

"சொன்னாங்க சிஸ்டர். நான்தான் மறந்துட்டேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த வரியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். ஒரு பெண்ணின் வருடம் என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது, எனக்கு நிம்மதியாக இருந்தது.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு எக்ஸ்டர்னல் சார் உள்ளே திரும்பினார். சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். மோனிஷா அழவில்லை. அவள் அழுதிருந்தால் ஒருவேளை நான் அவளைத் திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். அவள் பேசாமல் பிளாஸ்டிக் கவரை நீவிவிட்டுக்கொண்டு நின்றாள்.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன்.

அவர் திரும்பினார்.

"இவகிட்ட நான் சொல்லல. நான் கிளாஸ்ல சொல்லும்போது இவ அங்க இல்ல. நான்தான் வெளிய அனுப்பிட்டேன்."

"இப்பதான மேடம் எல்லாருக்கும் சொன்னேன்னீங்க?"

"பொய் சொன்னேன் சார்."

என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது. உள்ளே பத்தொன்பது பெண்களும் தலை நிமிரவில்லை. ஆனால் ஒருத்திகூட அந்த நேரத்தில் டைட்ரேஷன் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணுவேன்.

ஒரு தாள்

சிஸ்டர் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். வராண்டா ஜன்னல் திட்டில் வைத்து நின்றபடியே எழுதினேன். 'மாணவி வகுப்பில் இல்லாத நேரத்தில் அறிவித்தேன். மாணவியை நான் வெளியே அனுப்பியிருந்ததால் அறிவிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.'

சிஸ்டர் படித்தார். எப்போதும் போல மெதுவாகத்தான் பேசினார்.

"வெளியே அனுப்பினேன்னு போட்டிருக்கீங்க. எதுக்கு, என்ன சொல்லி அனுப்புனீங்கன்னும் போடுங்க டீச்சர்."

போட்டேன். மல்லாட்டை பற்றிய வரியையும் எழுதினேன். கத்தும்போது ஒரு நொடியில் வெளியே வந்த வார்த்தைகள், எழுதும்போது இரண்டு முழு வரிகளாக நீண்டன. அப்போது மணி பத்து ஐந்து.

பிறகு போன். எக்ஸ்டர்னல் சார் யாரிடமோ பேசினார், அந்தப் பக்கம் இருந்தவர் வேறு யாரிடமோ கேட்டுச் சொல்கிறேன் என்றார். பத்து பத்து. பத்து இருபது. மோனிஷா சுவரோரமாக நின்றாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் காணாமல் போன யாரோ ஒரு குழந்தையின் அடையாளத்தை அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். மஞ்சள் கவுன், காலில் கொலுசு. அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் நின்றோம்.

பத்தரைக்குப் போன் வந்தது. லெட்டரை மார்க் பட்டியலோடு இணைக்க வேண்டும். தேர்வை எழுதலாம். ஆனால் கூடுதல் நேரம் கிடையாது, எல்லாரோடும் பன்னிரண்டுக்கே முடிக்க வேண்டும்.

"போம்மா, சீக்கிரம்" என்றார் எக்ஸ்டர்னல் சார். அவர் குரலிலும் அப்போது ஓர் அவசரம் இருந்தது.

பதினோராம் மேஜை

டைட்ரேஷன் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே பியூரெட்டில் ஊதா நிறத்தில் பர்மாங்கனேட் இருக்கும். கீழே குடுவையில் நிறமில்லாத கரைசல். சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே குடுவையைச் சுழற்ற வேண்டும். ஒரு சொட்டில் கரைசல் வெளிறிய ரோஜா நிறத்துக்கு மாறும். அங்கே நிறுத்த வேண்டும். இரண்டு சொட்டு கூடினால் கணக்கு தப்பு.

முதல் தடவை குழாயை அவசரமாகத் திறந்துவிட்டாள். குடுவை ஒரேயடியாக ஊதாவாகிப்போனது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

தேர்வில் நான் பேசக் கூடாது. 'கொட்டிட்டு மறுபடி செய், நேரம் இருக்கு' என்று சொல்ல என் நாக்கு துடித்தது. கண்ணால்கூட ஜாடை காட்ட முடியாது, எக்ஸ்டர்னல் சார் எதிரில் இருக்கிறார். நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். இருபத்து மூன்று வருடமாக அந்த லேபில் எனக்கு ஒரே ஒரு முகம்தான் இருந்தது.

அவள் குடுவையைக் கொட்டிக் கழுவினாள். மறுபடி பிப்பெட்டில் எடுத்தாள். இந்தத் தடவை மெதுவாக. பதினைந்து மில்லி தாண்டியதும் குழாயைப் பாதி மூடி, சொட்டு விழுந்து நின்று விழுகிற அளவுக்கு வைத்தாள். நான் உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டிருந்தேன் என்பது பிறகு வலித்தபோதுதான் தெரிந்தது. ரோஜா நிறம் வந்தது, நின்றது. குழாயை மூடினாள்.

அடுத்ததும் அதே அளவு வந்தது. மணி அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது தாளைக் கொடுத்தாள். எக்ஸ்டர்னல் சார் அவள் ரெக்கார்டைப் புரட்டிவிட்டு, "படமெல்லாம் நல்லா போட்டிருக்கியேம்மா" என்றார். இரண்டு வருடத்தில் நான் அவளிடம் சொல்லாதது அது.

பிறகு நடந்தது

மோனிஷா பாஸ். கெமிஸ்ட்ரியில் பெரிய மார்க் இல்லை, ஆனால் போதுமான மார்க். வேலூரில் நர்சிங் சீட்டும் கிடைத்தது.

ஜூனில் உதவித் தலைமையாசிரியை பொறுப்பு வேறொரு டீச்சருக்குப் போனது. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தத் தாளின் நகல் என் ஃபைலில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

வருத்தம் இருந்தது. ஆனால் அதற்கு மருந்து போல எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. தன் வருடமே போனாலும் பரவாயில்லை என்று ஒரு பெண் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றாளே! எந்த டீச்சருக்குக் கிடைக்கும் இது? வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர், "உன்னைத் திட்டாத பிள்ளைங்களும் இருக்காங்களா?" என்று கிண்டல் பண்ணிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்டாஃப் ரூமில் இரண்டு மூன்று பேரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தக் கதையில் நான் கொஞ்சம் கொஞ்சமாக நல்லவளாகிக்கொண்டே வந்தேன்.

மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் வந்த அன்று ஆபீசில் நான்தான் இருந்தேன். பதிவேட்டில் அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டி, என் பேனாவைக் கொடுத்தேன். பக்கத்தில் யாருமில்லை. கேட்டுவிட்டேன். அவள் வாயால் அதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது என்பதுதான் உண்மை.

"அன்னிக்கி சிஸ்டர் கேட்டப்போ, மிஸ் சொன்னாங்க, நான்தான் மறந்துட்டேன்னியே. ஏன்மா அப்படிச் சொன்ன?"

அவள் கையெழுத்தை முடித்துவிட்டுத்தான் பேசினாள். குறையாகச் சொல்லவில்லை. பஸ் ஏன் லேட் என்று கேட்டால் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"நீங்க சொல்லலன்னு சொன்னா கத்துவீங்கன்னு பயமா இருந்துச்சு மிஸ். அவ்ளோ பேரு முன்னாடி மறுபடியும் உங்ககிட்ட திட்டு வாங்கறதுக்கு, ஒரு வருஷம் போனாக்கூட பரவால்லன்னு தோணிடுச்சு."

பதிவேட்டை மூடினேன். அவள் பேனாவை நீட்டிக்கொண்டு, இதற்கும் கோபப்படுவேனோ என்று என் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.